இணையத்தில் வினாடி வினா: லிங்க் திறக்காத பிள்ளைகளையும் விட்டுவிடாமல் நடத்துவது எப்படி?

ஒன்பதாம் வகுப்பு அறிவியலுக்குப் பத்து வினாக்களில் ஒரு கூகுள் ஃபார்ம் தயார் செய்து, இரவு ஏழு மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறீர்கள். பத்து நிமிடத்தில் பதில்கள் வந்து விழ ஆரம்பிக்கும். கூடவே இவையும் வரும்: "சார், பெர்மிஷன் கேக்குது." "மிஸ், அக்கா முடிச்சதுக்கு அப்புறம் எனக்கு ஓபன் ஆகல." "அப்பா இன்னும் வேலையிலேர்ந்து வரல மிஸ், வீட்டுல போன் இல்ல." எழுதியவர்களின் மதிப்பெண் அழகாக வரிசைப்பட்டு நிற்கும். எழுத முடியாதவர்கள் அந்தப் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள். பெரும்பாலும் அவர்களே நாம் அதிகம் கவனிக்க வேண்டிய பிள்ளைகள்.

இந்தச் சிக்கல்களில் பெரும்பகுதி மாணவரின் போனில் பிறப்பதில்லை. படிவத்தை உருவாக்கும்போது நாம் யோசிக்காமல் விட்ட ஒரு செட்டிங்கிலோ, மாற்றி அனுப்பிய ஒரு லிங்க்கிலோதான் பிறக்கிறது. நம் பக்கத்தில் பிறப்பதை நம் பக்கத்திலேயே தடுத்துவிடலாம். மீதியுள்ள போன் இல்லாமை, சிக்னல் இல்லாமை, ரீசார்ஜ் தீர்ந்துபோவது ஆகியவற்றுக்கு முன்கூட்டியே மாற்று வழி வைக்கலாம். இந்த வழிகாட்டி அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, சாதாரணக் கலைக் கல்லூரி ஆசிரியர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

மதிப்பெண்ணுக்கா, படிப்புக்கா?

முதலில் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். பின்னால் வரும் செட்டிங்குகள் எல்லாம் இந்த முடிவைப் பொறுத்தே அமையும்.

வினாடி வினாவின் உண்மையான பயன் மதிப்பெண் போடுவதில் இல்லை. 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்கள் சில பத்திகளை இரண்டு முறை படித்தார்கள். வேறு சில பத்திகளை ஒரு முறை படித்துவிட்டு, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்ததே நன்றாக நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது. எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம் நினைவில் நின்றது, திரும்பப் படித்ததில் 42 சதவீதம்தான்.

நினைவைத் தோண்டி எடுக்கும் அந்த முயற்சியே பாடத்தை ஊன்ற வைக்கிறது. அந்தப் பயன் கிடைக்க, மதிப்பெண் எந்தப் பதிவேட்டிலும் ஏற வேண்டியதில்லை. எனவே வீட்டில் போனில் எழுதும் வினாடி வினாவை அக மதிப்பீட்டு மதிப்பெண்ணோடு இணைக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. இணைத்துவிட்டால் இரண்டு கேடுகள் வரும். போன் வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அதற்காகவே மதிப்பெண் கிடைக்கும். காப்பியடிப்பதைத் தடுக்க நீங்கள் ஒவ்வொரு கட்டுப்பாடாகப் பூட்டிக்கொண்டே போவீர்கள். ஒவ்வொரு பூட்டும் நேர்மையாக எழுத வந்த ஒருவரை வெளியே நிறுத்தும். மதிப்பெண் கட்டாயம் வேண்டும் என்றால் பள்ளிக் கணினி அறையில், உங்கள் கண் முன்னால் நடத்துங்கள்.

கருவியைத் தொடும் முன் ஒரு தாள்

பருவத் தொடக்கத்தில் ஒரு முறை, வகுப்பிலேயே காகிதத்தில் ஒரு சின்ன விவரம் வாங்குங்கள். இதையும் கூகுள் ஃபார்மில் அனுப்பினால், யாரைப் பற்றித் தெரிய வேண்டுமோ அவர்கள் மட்டும் பதிலளிக்க மாட்டார்கள்.

கேட்க வேண்டியவை: வீட்டில் ஸ்மார்ட்போன் யாருடையது? அது எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்? அதே போனில் படிக்கும் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எத்தனை பேர்? டேட்டா எப்போதும் இருக்குமா, மாதக் கடைசியில் தீர்ந்துவிடுமா? வீட்டுக்குள் சிக்னல் வருமா, வெளியே வர வேண்டுமா? இவை போதும். போன் மாடல், மின்னஞ்சல் முகவரி எல்லாம் இப்போது தேவையில்லை.

தாளை வாங்கும் விதமும் முக்கியம். "யார் வீட்டுல போன் இல்ல, கை தூக்குங்க" என்று கேட்கவே கூடாது. தாளை மடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இந்த விவரத்திலிருந்து உங்கள் கால அட்டவணை தானாக வரும். பல வீடுகளில் போன் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்கு மேல்தான் திரும்பும். அப்படியென்றால் மாலை ஆறு முதல் ஏழு வரை என்று ஒரு மணி நேர அவகாசம் கொடுப்பது பாதிப் பேரைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதற்குச் சமம். வெள்ளிக்கிழமை மாலை திறந்து திங்கள் காலை மூடுங்கள்.

எந்தக் கருவி?

வீட்டில் எழுத கூகுள் ஃபார்ம் போதும். இலவசம். மாணவரிடம் எந்தச் செயலியும் வேண்டாம், சரியாக அமைத்தால் கூகுள் கணக்கும் வேண்டாம். பழைய போனிலும் பெரும்பாலும் திறக்கும்.

கஹூட், 2025இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாறிய குவிஸ்ஸிஸ் போன்றவை விளையாட்டு வடிவில் இருப்பவை. மாணவர் கணக்கு தொடங்காமல் ஒரு எண்ணை மட்டும் அடித்து உள்ளே வரலாம். பிள்ளைகள் உற்சாகமாவார்கள். ஆனால் கஹூட்டில் வேகமாகச் சொன்னவருக்கே அதிகப் புள்ளி என்பது வழக்கமான அமைப்பு. நெட் மெதுவாக வரும் பிள்ளை விடை தெரிந்தும் பின்தங்குவார். அதனால் ஒரே வைஃபையில், ஒரே அறையில், புரொஜெக்டர் இருந்தால் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். இலவசத் திட்டத்தில் எத்தனை பேர் சேரலாம் என்ற வரம்பு அவ்வப்போது மாறும். வகுப்புக்குப் போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மிகவும் பரிந்துரைப்பது பிளிக்கர்ஸ் என்ற செயலி. போன் ஆசிரியரிடம் மட்டும் இருந்தால் போதும். ஒவ்வொரு மாணவரிடமும் கியூஆர் குறியீடு போன்ற ஒரு காகித அட்டை இருக்கும். அதன் நான்கு பக்கங்களும் ஏ, பி, சி, டி. தான் சொல்ல விரும்பும் விடையின் எழுத்து மேலே வரும்படி அட்டையைப் பிடிக்க வேண்டும். நீங்கள் போன் கேமராவை வகுப்பின் மேல் மெல்ல நகர்த்தினால் யார் என்ன விடை சொன்னார் என்று பதிவாகிவிடும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அப்படியே திருப்பவும் முடியாது. அட்டைகளைச் சாதாரணத் தாளில் அச்சிட்டு, பழைய காலண்டர் அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். பளபளப்பான லேமினேஷன் வேண்டாம். வெளிச்சம் பட்டால் கேமராவுக்குத் தெரியாது. அட்டை எண்ணும் வருகைப் பதிவேட்டு வரிசை எண்ணும் ஒன்றாக இருந்தால் குழப்பமே இல்லை.

கல்லூரியில் மூடுல் (பாடங்களையும் தேர்வுகளையும் இணையத்தில் நடத்தும் மென்பொருள்) இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

வினா எழுதுவது

எட்டு முதல் பத்து வினாக்கள். அதற்கு மேல் போகாதீர்கள். முப்பது வினாவை ஒரே மூச்சில் கொடுப்பதைவிட வாரம் ஒன்றாக மூன்று முறை கொடுப்பது நினைவுக்கும் நல்லது, போனுக்கும் நல்லது. ஏன் போனுக்கு என்பது கீழே வரும்.

நான்கு விடைகளில் மூன்று தவறான விடைகளை எழுதுவதில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது. ஏதோ மூன்றை நிரப்பாமல், மாணவர் உண்மையில் செய்யும் பிழையிலிருந்து அவற்றை எடுங்கள். ஒரு எடுத்துக்காட்டு: "30 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு டம்ளர் நீரை, அதே 30 டிகிரியில் உள்ள இன்னொரு டம்ளர் நீரோடு கலந்தால் வெப்பநிலை என்ன?" விடைகள் 60, 30, 15, 0. 60 என்று சொன்னவர் வெப்பநிலையை நீரின் அளவுபோலக் கூட்டுகிறார். 15 என்றவர் எங்கோ சராசரி என்று கேட்டதைத் தப்பாகப் பிடித்திருக்கிறார். இப்போது உங்களுக்குத் தெரிவது யார் தவறு என்பது மட்டுமில்லை, எங்கே தவறு என்பதும்தான். கணக்கிலும் அப்படியே: 0.8, 0.35 இவற்றில் பெரியது எது என்று கேட்டால், 35 எட்டைவிடப் பெரியது என்று நினைக்கும் பிள்ளைகள் உடனே தெரிந்துவிடுவார்கள்.

'மேற்கண்ட அனைத்தும்', 'எதுவுமில்லை' ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். விடைகளின் வரிசையைக் கலைத்துக் காட்டும் வசதியை வைத்தால் 'மேற்கண்ட' என்பது முதலாவதாக வந்து நிற்கும்.

தமிழில் தட்டச்சு செய்யும் குறுவிடைக்குத் தானியங்கி மதிப்பெண் வைக்காதீர்கள். கணினி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்கும். 'ஒளிச்சேர்க்கை' என்று நீங்கள் வைத்திருக்க, ஒருவர் 'ஒளி சேர்க்கை' என்பார், ஒருவர் ஒற்றை விட்டுவிடுவார், இன்னொருவர் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார். பாடம் தெரிந்தவருக்குப் பூஜ்யம் விழும். எண் விடையாக வரும் வினாவுக்கு மட்டும் குறுவிடை வையுங்கள், அலகை வினாவிலேயே எழுதிவிடுங்கள். சொந்த வாக்கியத்தில் எழுத வைக்க வேண்டியதை நோட்டில் எழுதச் சொல்லலாம்.

படம் தேவைப்பட்டால் போனில் எடுத்த போட்டோவை அப்படியே ஏற்றாமல், தேவையான பகுதியை மட்டும் வெட்டிச் சிறிதாக்கி ஏற்றுங்கள். ஒரு நாள் டேட்டாவில் கடைசி ஓரம் மட்டும் மிச்சமிருக்கும் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் பெரியது. பார்வைக் குறைபாடு உள்ள மாணவர் வகுப்பில் இருந்தால், படத்தில் உள்ளதை வினாவிலேயே வார்த்தையாகவும் எழுதுங்கள். போனில் திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக் வசதி எழுத்தை வாசிக்கும். படத்துக்குள் இருக்கும் எழுத்தை அதனால் நம்பகமாக வாசிக்க முடியாது.

கூகுள் ஃபார்மில் அமைப்பது

1. பள்ளி கொடுத்த மின்னஞ்சலில் செய்கிறீர்களா, சொந்த ஜிமெயிலில் செய்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். மாணவர்களுக்கும் பள்ளி மின்னஞ்சல் இருந்தால் மட்டும் பள்ளிக் கணக்கில் செய்யுங்கள். இல்லையென்றால், வேலைக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் வைத்துக்கொள்வது சிக்கலைக் குறைக்கும்.

2. புதிய படிவம் திறந்து, 'செட்டிங்ஸ்' பகுதியில் 'மேக் திஸ் எ குவிஸ்' என்பதை இயக்குங்கள். பிறகு ஒவ்வொரு வினாவிலும் 'ஆன்சர் கீ'யைத் தொட்டுச் சரியான விடையையும் புள்ளியையும் குறியுங்கள். அங்கேயே 'ஃபீட்பேக்' என்ற இடமும் இருக்கும். தவறாகச் சொன்னவருக்கு ஒரு வரி எழுதுங்கள்: "வெப்பநிலை உயராது. இரண்டும் ஒரே சூட்டில் இருக்கின்றன, பக்கம் இத்தனையைப் பார்." இந்த ஒரு வரிக்குச் செலவிடும் நேரம் வீண்போகாது.

3. மதிப்பெண்ணை எப்போது காட்டுவது? 'அனுப்பியதும் உடனே' என்பதை வையுங்கள். 'பிறகு' என்று வைத்தால் மின்னஞ்சல் முகவரி வாங்கியே ஆக வேண்டும். மின்னஞ்சல் பார்க்கும் பழக்கமே இல்லாத பிள்ளைக்கு மதிப்பெண் போய்ச் சேராது. உடனே காட்டினால் முதலில் முடித்தவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குரூப்பில் போடுவாரே என்று கவலை இருந்தால், சரியான விடைகளைக் காட்டும் பொத்தானை மட்டும் அணைத்துவிடுங்கள். எது தவறு என்று தெரியும், சரியான விடை வகுப்பில் வரும்.

4. மின்னஞ்சல் சேகரிப்பு: 'டு நாட் கலெக்ட்'. 'வெரிஃபைட்' என்று வைத்தால் எல்லோரும் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும்.

5. 'லிமிட் டு ஒன் ரெஸ்பான்ஸ்' அணைந்திருக்கட்டும். இதுவும் கணக்கில் நுழையச் சொல்லும்.

6. முதல் வினாவாக வகுப்பும் பிரிவும், இரண்டாவதாக வரிசை எண். இரண்டையும் தட்டச்சு செய்ய விடாமல், தொட்டால் விரியும் பட்டியலாகக் கொடுங்கள். பெயர் கேட்டால் ஒரே பிள்ளை ஒரு வாரம் தமிழிலும் மறுவாரம் ஆங்கிலத்திலும் எழுதுவார். மதிப்பெண்ணைச் சேர்த்துப் பார்க்க முடியாது.

7. கோப்பு பதிவேற்றும் வினா வேண்டவே வேண்டாம். அது ஒன்று இருந்தாலே முழுப் படிவமும் கணக்கு கேட்கும். அவர்கள் ஏற்றும் போட்டோக்கள் உங்கள் டிரைவில்தான் விழும், இலவசக் கணக்கின் 15 ஜிபி இடம் சீக்கிரம் நிறையும்.

8. எல்லா வினாக்களையும் ஒரே பக்கத்தில் வையுங்கள். பக்கம் ஒரு முறை இறங்கிவிட்டால், சிக்னல் இல்லாத மூலையில் உட்கார்ந்தும் விடைகளைத் தொடலாம். அனுப்பும் நேரத்தில் மட்டும் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்தால் போதும்.

9. இப்போதெல்லாம் புதிய படிவத்தை 'பப்ளிஷ்' செய்தால்தான் மற்றவருக்குத் திறக்கும். அந்த இடத்தில் யார் பதிலளிக்கலாம் என்று கேட்கும். 'லிங்க் உள்ள எவரும்' என்று இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பள்ளிக் கணக்கில் செய்தால் இது பெரும்பாலும் நிறுவனத்துக்குள் மட்டும் என்றே இருக்கும். எழும் புகார்களில் பெரும்பங்கு இந்த ஒரு வரியிலிருந்து வருபவை.

கணக்கு கேட்காவிட்டால் ஒருவர் இன்னொருவர் எண்ணில் எழுதலாமே? எழுதலாம். மதிப்பெண் பதிவேட்டில் ஏறாது என்றால் அதைச் செய்ய யாருக்கும் பெரிய காரணம் இல்லை. கூகுள் கணக்கு வைத்திருக்க இந்தியாவில் 13 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் கணக்கு தொடங்கச் சொல்வது அவரைப் பொய் வயது போடச் சொல்வதாகவே முடியும்.

ஆதார் எண், பெற்றோர் போன் எண், பிறந்த தேதி ஆகியவற்றைப் படிவத்தில் கேட்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. வரிசை எண் போதும் என்கிறபோது மற்றவை எதற்கு?

அனுப்பும் முன் ஐந்து நிமிடம்

உங்கள் லேப்டாப்பில் திறந்து பார்ப்பது சோதனை ஆகாது. அங்கே நீங்கள் படிவத்தின் உரிமையாளர், எல்லாக் கதவும் திறக்கும். லிங்க்கை முதலில் உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, போனில் குரோமின் இன்காக்னிடோ சாளரத்தில் ஒட்டித் திறங்கள். அதில் எந்தக் கணக்கும் இருக்காது. கணக்கு கேட்டால் மேலே சொன்ன செட்டிங்குகளில் ஏதோ ஒன்று தவறு. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவிலும் ஒரு முறை பாருங்கள். வேண்டுமென்றே இரண்டு விடையைத் தவறாகத் தொட்டு அனுப்பி, மதிப்பெண் சரியாக வருகிறதா என்று பாருங்கள். விடைக்குறிப்பில் தவறு இருந்தால் இங்கேயே அகப்படும். பிறகு அந்தச் சோதனைப் பதிலை அழித்துவிடுங்கள்.

லிங்க்கோடு சேர்த்து அனுப்பும் செய்தியும் முழுமையாக இருக்கட்டும்: எந்தப் பாடம், எத்தனை வினா, எவ்வளவு நேரம் ஆகும், எப்போது மூடும், திறக்காவிட்டால் என்ன செய்வது. "திறக்கலன்னா கவலைப்படாதீங்க, திங்கள் காலை தாள்ல எழுதலாம்" என்ற ஒரு வரி, இரவில் அழுதுகொண்டு பக்கத்து வீட்டில் போன் கேட்கப் போகும் ஒரு பிள்ளையை நிம்மதியாகத் தூங்க வைக்கும்.

"ஓபன் ஆகல சார்"

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. ஸ்கிரீன்ஷாட் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். திரையில் என்ன வாசகம் இருக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கும்.

*'யூ நீட் ஆக்ஸஸ்' என்று வந்து, 'ரிக்வெஸ்ட் ஆக்ஸஸ்' பொத்தான் இருந்தால்:* நீங்கள் திருத்தும் லிங்க்கை அனுப்பிவிட்டீர்கள். பிரவுசரின் மேல்பட்டையில் இருக்கும் முகவரியை அப்படியே நகலெடுத்தால் இப்படித்தான் ஆகும். அதன் முடிவில் 'எடிட்' என்று இருக்கும். மாணவருக்கான லிங்க்கில் 'வியூஃபார்ம்' என்று இருக்கும், அல்லது அது சுருக்கிய லிங்க்காக இருக்கும். இதில் ஓர் ஆபத்து உண்டு. மாணவர்கள் பொத்தானை அழுத்த அழுத்த உங்களுக்கு அனுமதி கேட்டு மின்னஞ்சல் வரும். அவசரத்தில் அதில் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தால், அந்த மாணவருக்குப் படிவத்தைத் திருத்தும் உரிமையே கிடைத்துவிடும். விடைக்குறிப்பும் மற்றவர்களின் பதில்களும் அவர் கண்முன் இருக்கும். எதற்கும் அனுமதி கொடுக்காமல், குரூப்பில் போட்ட செய்தியை எல்லோருக்கும் சேர்த்து அழித்துவிட்டு, சரியான லிங்க்கைப் போடுங்கள்.

*நிறுவனத்தைச் சேர்ந்தவர் மட்டும் பார்க்கலாம் என்று வந்தால்:* நீங்கள் பள்ளி அல்லது கல்லூரிக் கணக்கில் செய்த படிவம், மாணவர் சொந்த ஜிமெயிலில் இருக்கிறார். மாணவரிடம் நிறுவன மின்னஞ்சல் இல்லையென்றால் நீங்கள்தான் 'லிங்க் உள்ள எவரும்' என்று மாற்ற வேண்டும். அந்த வசதி அங்கே இல்லையென்றால் நிர்வாகி பூட்டியிருக்கிறார் என்று பொருள். அவரிடம் பேசுங்கள், அல்லது வேறு கணக்கில் செய்யுங்கள். மாணவரிடம் நிறுவன மின்னஞ்சல் இருந்தும் திறக்கவில்லையென்றால், போனில் அப்பாவின் கணக்கு முன்னால் நிற்கிறது. திரையில் கணக்கை மாற்றும் இடத்தைத் தொட்டுச் சரியான மின்னஞ்சலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அதுவும் சரிவரவில்லையென்றால் இன்காக்னிடோவில் திறந்து, கல்லூரி மின்னஞ்சலை மட்டும் போட்டு நுழைவதே சுலபம்.

*'யூ ஹேவ் ஆல்ரெடி ரெஸ்பாண்டட்' என்று வந்தால்:* ஒரே போன், ஒரே கணக்கு, இரண்டு பிள்ளைகள். அக்கா எழுதிவிட்டார், தம்பிக்குக் கதவு மூடிவிட்டது. ஒரு முறை மட்டும் என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். உடன்பிறந்தவர் இருவரும் ஒரே பள்ளியில் படிப்பது சாதாரணம். இரட்டையர் ஒரே வகுப்பில் இருப்பதும் உண்டு.

*பதில்கள் ஏற்கப்படவில்லை என்று வந்தால்:* மூடிவிட்டீர்கள். இரண்டு நாள் தாமதமாக வருபவருக்காகத் திறந்து வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

*'யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்' என்று சிவப்பாகப் பயமுறுத்தினால்:* முதலில் போனின் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுதாக இறங்கி, வெகுநாள் கழித்து எடுத்த பழைய போனில் தேதி சில வருடம் பின்னால் போயிருக்கும். பாதுகாப்புச் சான்றிதழின் காலம் பொருந்தாததால் பிரவுசர் மறுக்கிறது. தேதியைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி வைத்தால் சரியாகிவிடும்.

*வெறும் வெள்ளைத் திரை, சுற்றிக்கொண்டே இருந்தால்:* டேட்டா தீர்ந்திருக்கலாம். வாட்ஸ்அப் செய்தி மட்டும் தட்டுத்தடுமாறி வரும், பக்கம் இறங்காது. லிங்க்கைக் குரோமில் ஒட்டித் திறந்து பார்க்கலாம், குரோமைப் புதுப்பிக்கலாம். ஆனால் புதுப்பிப்பதற்கும் டேட்டா வேண்டும் என்பதால் இதை இரவில் சொல்லாமல் பள்ளியில் செய்து கொடுங்கள்.

*"எல்லாம் போட்டேன், திடீர்னு அழிஞ்சிருச்சு":* பிள்ளை சொல்வது பெரும்பாலும் உண்மை. நினைவகம் குறைந்த போனில் நடுவே ஒரு அழைப்பு வந்தாலோ, வேறு செயலிக்குப் போய் வந்தாலோ பிரவுசர் பக்கத்தைப் புதிதாக ஏற்றும். கூகுள் கணக்கில் நுழைந்து எழுதுபவருக்குப் பாதிப் பதில் 30 நாள் வரை சேமித்து வைக்கப்படும். கணக்கில்லாமல் எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை, எல்லாம் போய்விடும். கணக்கு கேட்காமல் விடுவதற்கு நாம் கொடுக்கும் விலை இது. அதனால்தான் பத்து வினாவோடு நிறுத்தச் சொன்னேன். பத்து என்றால் மறுபடி போட ஐந்து நிமிடம். முப்பது என்றால் பிள்ளை போனைத் தூக்கி வைத்துவிட்டுப் போய்விடும். பக்கத்தின் மேல்முனையில் விரலை வைத்துக் கீழே இழுத்தாலும் பக்கம் புதிதாக ஏறும் என்று முன்பே சொல்லிக் கொடுங்கள்.

*ஒரே எண்ணில் இரண்டு பதில் வந்திருந்தால்:* 'போச்சா இல்லையா' என்ற சந்தேகத்தில் இரண்டாம் முறை அழுத்தியிருப்பார். நேரக் குறிப்பைப் பார்த்து முதல் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள். விசாரணை வேண்டாம்.

மூடுல் பயன்படுத்தும் கல்லூரிகளுக்கு

இரண்டு மூன்று விஷயம் மட்டும். தேர்வு திறக்கும் நேரத்தை வைக்கும்போது உங்கள் கணக்கின் நேர மண்டலம் இந்தியாவில் இருக்கிறதா என்று பாருங்கள். சர்வதேசப் பொது நேரத்தில் இருந்தால், காலை 9 மணி என்று நீங்கள் வைத்தது இங்கே பிற்பகல் 2.30க்குத் திறக்கும். மின்சாரம் போனவருக்கும், கூடுதல் நேரம் பெற வேண்டிய மாற்றுத்திறனாளி மாணவருக்கும் 'யூசர் ஓவர்ரைட்ஸ்' பகுதியில் தனியாக நேரத்தையும் வாய்ப்பையும் நீட்டிக் கொடுக்கலாம். மொத்தத் தேர்வையும் திறந்துவிட வேண்டியதில்லை. மூடுல் மொபைல் செயலியில் இணையமில்லாமல் எழுதி, பின்னர் இணைப்பு கிடைத்ததும் அனுப்பும் வசதியும் உண்டு. நேரக் கட்டுப்பாடு இல்லாத பயிற்சித் தேர்வுகளுக்கு அதை இயக்கி வையுங்கள். கிராமத்திலிருந்து பேருந்தில் வரும் மாணவர் வழியிலேயே முடித்துவிடுவார்.

போனே இல்லாத பிள்ளைக்கு

அதே வினாக்களைப் படிவத்திலிருந்து அச்சிட முடியும். மூன்று புள்ளி மெனுவில் 'பிரிண்ட்' இருக்கிறது. அச்சிட்டு ஐந்தாறு தாள் எப்போதும் கையில் வைத்திருங்கள். திங்கள் காலை வழிபாட்டுக்கு முன்னாலோ மதிய இடைவேளையிலோ எழுதட்டும். பிறகு நீங்களே அந்தப் பதில்களைப் படிவத்தில் அந்த எண்ணில் ஏற்றிவிடுங்கள். இதைச் சலிப்பான வேலை என்று விட்டுவிடாதீர்கள். ஏற்றினால்தான் வகுப்பின் படம் முழுமையாகும்.

உங்கள் பள்ளியில் ஹைடெக் லேப் என்ற கணினி அறை இருந்தால் வாரத்தில் ஒரு பாடவேளையைப் பொறுப்பாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். அப்படி அழைத்துப் போகும்போது முழு வகுப்பையும் அழைத்துப் போக வேண்டும். போன் இல்லாதவர்களை மட்டும் தனியாகப் பிரித்து வரிசையில் கூட்டிச் சென்றால், அந்த வரிசையே அவர்களுக்கு அவமானமாகிவிடும். ஒரு வாரம் லேப், மறுவாரம் பிளிக்கர்ஸ் அட்டை என்று மாற்றிக்கொண்டால் வீட்டுப் போனை நம்ப வேண்டிய தேவையே பெருமளவு குறைந்துவிடும்.

பக்கத்து வீட்டு நண்பரோடு சேர்ந்து ஒரே போனில் எழுதுவதை நான் தடுப்பதில்லை. இருவரும் பேசி ஒரு விடைக்கு வருவது நல்ல படிப்பு. ஒரே பதிலில் இருவர் எண்ணையும் குறிக்க வழி வைத்துக் கொடுங்கள்.

மறுநாள் வகுப்பில்

'ரெஸ்பான்ஸஸ்' பகுதியில் 'சம்மரி'யைத் திறந்தால் அதிகம் பேர் தவறவிட்ட வினாக்களை மேலேயே காட்டும். அவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தையும் விளக்க ஒரு பாடவேளை போதாது, கேட்பவருக்கும் சலிக்கும்.

அந்த வினாவைக் கரும்பலகையில் எழுதி, எத்தனை பேர் எந்த விடையைச் சொன்னார்கள் என்று எண்ணிக்கையை மட்டும் போடுங்கள், பெயர் வேண்டாம். "60 டிகிரின்னு பதினாலு பேர் சொல்லியிருக்கீங்க. ஏன் அப்படித் தோணுச்சு?" என்று கேளுங்கள். யாராவது ஒருவர் தன் காரணத்தைச் சொல்வார். உடனே இரண்டு டம்ளர் நீரையும் ஒரு வெப்பமானியையும் மேசையில் வைத்துக் கலந்து காட்டுங்கள். வினாடி வினா கொடுத்த தகவல் வகுப்புக்குள் வேலை செய்யும் இடம் இது.

பிறகு பதில்களை ஷீட்டாக மாற்றி, வருகைப் பதிவேட்டு எண்களோடு ஒப்பிட்டு, எந்த எண்ணிலிருந்து பதில் வரவில்லை என்று பாருங்கள். இந்தப் பட்டியலை மதிப்பெண் பட்டியலுக்கு முன்னால் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஒரு முறை வராமல் போனால் தற்செயல். அதே எண் மூன்று வாரம் தொடர்ந்து வராவிட்டால், அந்தப் பிள்ளையை இடைவேளையில் தனியாக அழைத்து, போனில் சிக்கலா, வீட்டில் சிக்கலா, பாடத்தில் சிக்கலா என்று கேளுங்கள். போன் என்றால் தாள் இருக்கிறது. வீடு என்றால் வகுப்பாசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் சொல்ல வேண்டிய விஷயம். பாடம் என்றால் அடுத்த வினாடி வினாவின் முதல் இரண்டு வினாக்களை அந்தப் பிள்ளையால் நிச்சயம் செய்ய முடியும் அளவில் எழுதுங்கள்.